செத்த மாடு யாருக்கு?

நேயர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வணக்கம். உணவுச் சங்கிலி என்றதும் புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பீர்கள். பருந்தோடு நிறுத்திவிடுவீர்கள். சரி, அந்தப் பருந்து செத்தால்? ஒரு மாடு செத்தால்? எங்கே பேசக் கூப்பிட்டாலும் நான் இதைத்தான் கேட்பேன். கூப்பிட்டவர்களுக்கே சலித்துவிட்டது.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். மாடு செத்தால் ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வானத்தில் ஒரு புள்ளி. அப்புறம் நாலு. அப்புறம் ஒரு கூட்டமே இறங்கும், பாறுக் கழுகுகள். மோப்பம் பிடித்து வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, கண்ணால்தான். ஒன்று இறங்குவதைத் தூரத்தில் பறக்கும் இன்னொன்று பார்க்கும், அதை வேறொன்று பார்க்கும். நோய்க்கிருமிகளைச் செரித்துவிடும் அளவுக்குக் கடுமையான அமிலம் அதன் வயிற்றில். கூட்டம் பெரிதாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்புதான் மிச்சம். திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் தின்றதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவையும் பாறு இனம்தான்.

1990களில் மாட்டுக்கு டைக்ளோஃபினாக் ஊசி வந்தது. நம் மூட்டுவலிக்குத் தருகிறார்களே, அதே மருந்து. மாட்டுக்கு நல்லதுதான் செய்தது. ஆனால் ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்துவிட்டால், அதன் கறியில் மருந்து தங்கியிருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் கெடும். யூரிக் அமிலம் ஈரல், இதயத்தின் மேலெல்லாம் சுண்ணாம்பு அடித்தது மாதிரி வெள்ளையாகப் படியும். சில நாளில் சாவு.

எல்லா மாட்டிலுமா மருந்து இருந்தது? இல்லை. நூறு மாட்டில் ஒன்றில் இருந்தாலே போதும். ஏன்? கூட்டம் மொத்தமும் அந்த ஒரே மாட்டில்தானே தின்கிறது! அதோடு, வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. போன எண்ணிக்கை எப்படித் திரும்பும்? வட இந்தியாவில் எடுத்த கணக்கில் வெண்முதுகுப் பாறு 1992 முதல் 2007க்குள் ஆயிரத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. 2004இல் காரணம் தெரிந்தது, 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

பாறு குறைந்தாலும் மாடு சாவது நிற்கவில்லை. தின்ன வேண்டிய பாறு இல்லையென்றால் வேறொன்று வரும். நாய் வந்தது. பாறு அளவுக்குச் சுத்தமாக நாய் தின்னாது. பிணம் நாள்கணக்கில் நாறும், நாயோ குட்டி போட்டுப் பெருகும். வெறிநாய்க்கடி வரைக்கும் இதன் தொடர்ச்சியைக் காட்டிய ஆய்வுகள் உண்டு.

நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். மாயாறு பள்ளத்தாக்கைப் பற்றித்தான் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். முதுமலையை ஒட்டிய அந்தப் பகுதியில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன, பெரும்பாலும் நீர்மத்தி மரத்தில். புலி அடித்துப்போட்ட மானில் மருந்து இருக்காது, பாருங்கள்! மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: வலி ஊசி என்றால் மெலாக்சிகம் போடலாமா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், அது பாறுகளைக் கொல்வதில்லை. வணக்கம்.