ஓட்டெடுப்புக்கு முன்னாலேயே தெரிய வேண்டிய கணக்கு

வணக்கம் நேயர்களே. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் வேட்பாளராக நிற்கிறேன். வீடு வீடாகப் போகும்போது லாபி சீர்திருத்தம், அதாவது ஒரு தரப்புக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டு சபை உறுப்பினர்களிடம் பேசும் லாபியிஸ்டுகளுக்கான விதிகளை மாற்றுவது என்று பேச்செடுத்தால் பலர் தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தப் பார்க்கிறார்கள். கரண்ட் பில் என்றால் நின்று பேசுகிறார்கள். ஆனால் இங்கே இரண்டும் ஒரே விஷயம்தான்.

2019 ஏப்ரலில் ஹவுஸ் பில் 6 என்ற மசோதா வந்தது. இரண்டு அணுமின் நிலையங்களைக் காப்பாற்ற நம் மின் கட்டணத்திலிருந்து 100 கோடி டாலருக்கு மேல் எடுத்துக் கொடுக்கும் திட்டம் அது. ஜூலை 23ஆம் தேதி சபையின் இறுதி ஒப்புதலும் ஆளுநரின் கையெழுத்தும் ஒரே நாளில் முடிந்தன. இதன் பின்னணியில், அந்த அணுமின் நிலையங்களைத் துணை நிறுவனம் வழியாக வைத்திருந்த ஃபர்ஸ்ட் எனர்ஜி என்ற மின்சார நிறுவனத்தின் தரப்பிலிருந்து சுமார் 6 கோடி டாலர், நன்கொடையாளர் பெயரைச் சொல்லத் தேவையில்லாத ஓர் அமைப்பு வழியாக, அப்போதைய சபாநாயகர் லாரி ஹவுஸ்ஹோல்டருக்கும் அவருடைய கூட்டாளிகளுக்கும் போனது. அதில் ஒரு பங்கு அவருடைய கிரெடிட் கார்டு கடனுக்கும் ஃபுளோரிடா வீட்டு மராமத்துக்கும் செலவானது. 2023இல் அவருக்கு 20 வருடச் சிறை. சரி, தண்டனை கிடைத்துவிட்டதே என்று விட்டுவிட முடியவில்லை என்னால். அதே சட்டத்தில் இரண்டு பழைய நிலக்கரி மின் நிலையங்களுக்கும் பணம் ஒதுக்கியிருந்தார்கள், அதில் ஒன்று இருப்பது பக்கத்து மாநிலமான இண்டியானாவில். அந்தச் செலவை 2025 வரை ஒஹாயோ மக்கள் தங்கள் பில்லில் கட்டினார்கள்.

இங்கே லாபியிஸ்டுகள் கணக்குக் கொடுப்பது வருடத்துக்கு மூன்று முறை, ஜனவரி, மே, செப்டம்பர் மாதங்களில். யோசித்துப் பாருங்கள், மே மாதத்துக்குப் பிறகு நடந்த பேரமெல்லாம் செப்டம்பர் கணக்கில்தான் வரும், சட்டமோ ஜூலையிலேயே கையெழுத்தாகிவிட்டது. அந்தக் கணக்கிலும் என்ன இருக்கும்? ஓர் உறுப்பினருக்கு வருடத்தில் 50 டாலருக்கு மேல் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் அவர் பெயரோடு எழுத வேண்டும். லாபியிஸ்டுக்கு நிறுவனம் எவ்வளவு சம்பளம் கொடுத்தது என்று எழுத வேண்டியதில்லை. இரவுச் சாப்பாடு பதிவாகிறது, 6 கோடி பதிவாகவில்லை. இதை என்னால் ஏற்கவே முடியாது.

லாபி செய்வதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நர்ஸுகள், ஆசிரியர்கள், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் எல்லோரும் தங்களுக்காகப் பேச ஆள் அனுப்புகிறார்கள், அது அவர்கள் உரிமை, அரசமைப்புச் சட்டமே காக்கும் உரிமை. யார், யாருக்காக, எந்த மசோதாவுக்கு, எவ்வளவு வாங்கிக்கொண்டு பேசுகிறார் என்பதைத்தான் கேட்கிறேன்.

அதனால் ஜெயித்தால் நான் கொண்டுவரும் முதல் மசோதாவில் இவை இருக்கும்: சபை நடக்கும் காலத்தில் மாதா மாதம் கணக்கு, சம்பளத் தொகையோடு; மசோதாவை ஆதரிக்கிறாரா எதிர்க்கிறாரா என்ற விவரம்; அப்புறம், மசோதாவுக்காக விளம்பரம் போடும் எந்த அமைப்பும் தனக்குப் பெரிய தொகை கொடுத்தவர்களின் பெயரை வெளியிட வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் பெரிய எதிர்ப்பு வரும், இரண்டு கட்சிகளிலிருந்தும். மசோதா நிறைவேறும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை. என்னைச் சந்திக்கும் ஒவ்வொரு லாபியிஸ்டின் பெயரையும், அவர் பேசிய மசோதாவின் எண்ணையும் வாராவாரம் வெளியிடுவேன். உங்கள் தொகுதியில் நிற்பவர் வேறு யாராக இருந்தாலும், இதையே அவரிடமும் கேளுங்கள்.