நேரத்துக்கு வராத அண்ணன்

நடுவர் அவர்களுக்கும், அரண்மனையில் சாப்பிட்டுவிட்டு நேராக மேடைக்கு வந்தவர்கள் போலப் பேசி முடித்திருக்கும் எதிரணி அண்ணன்மாருக்கும், தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். 'கோயில் திருவிழாக்களை இன்றுவரை வாழவைப்பது மன்னர் போட்ட ஆணையா, மக்கள் வைத்த அன்பா?' என்பது தலைப்பு. நான் மக்கள் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன், திருமலை நாயக்கர் இல்லையென்றால் மதுரைச் சித்திரைத் திருவிழாவே இல்லை என்று மேசையைத் தட்டிவிட்டுப் போனார். அவர் சொன்ன வரலாற்றோடு எனக்குச் சண்டை இல்லை. மீனாட்சி கல்யாணம் முன்பு மாசி மாதத்தில் நடந்தது என்பார்கள். அழகர் சித்திரைப் பௌர்ணமிக்குத் தேனூரில் வைகையில் இறங்குவார். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், தலைநகரைத் திருச்சியிலிருந்து மதுரைக்குக் கொண்டுவந்தவர், கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றினார், அழகரை மதுரைப் பக்கம் திருப்பிவிட்டார். வேண்டுமென்றால் அண்ணனுக்கு நானே ஒரு சாட்சி தருகிறேன். சித்திரைத் தேர் இன்றும் ஓடுவது மாசி வீதிகளில்தான். மாதம் மாறியும் வீதி தன் பழைய பேரை விடவில்லை.

சரி, மன்னர் ஏன் மாற்றினார்? அண்ணன் அந்த இடத்தில் மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். ஊரில் சொல்லும் காரணம் இது: தேர் பெரிதாகிவிட்டது, இழுக்க ஆயிரக்கணக்கில் ஆள் வேண்டும், மாசியில் குடியானவன் அறுவடை வயலில் நிற்கிறான். படையை அனுப்பி, இழுத்து வாருங்கள் என்று மன்னர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குடியானவனுக்குக் கை ஓயும் மாதம் பார்த்துத் தன் பஞ்சாங்கத்தை நகர்த்தினார். யாருக்கு யார் வளைந்து கொடுத்தார்கள் என்று நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். மன்னர் சேர்த்தது இரண்டு தேதிகளைத்தான். ஒன்று சிவன் கோயில் விழா, இன்னொன்று பெருமாள் கோயில் விழா. கல்யாணம் முடிந்து, மறுநாள் தேரும் ஓடிய பிறகுதான் அழகர் ஆற்றுக்கே வருகிறார். பக்கத்துப் பக்கத்தில் வைத்தாரே தவிர, இவருக்கும் அவளுக்கும் என்ன உறவு என்று எந்த ஓலையிலும் எழுதி அனுப்பவில்லை. அதை எழுதியது ஜனங்கள். அழகர் தங்கச்சி கல்யாணத்துக்குச் சீர்வரிசையோடு கிளம்பினார், வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி ஜனங்கள் தாமதமாக்கிவிட்டார்கள், ஆற்றங்கரைக்கு வந்தால் தாலி கட்டியாயிற்று என்று சேதி, கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமல் வண்டியூருக்குப் போய்விட்டார்.

கோயிலில் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்கள். அழகர் வருவது மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுக்க. மீனாட்சியைத் தாரை வார்த்துக் கொடுப்பவர் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் பவளக்கனிவாய்ப் பெருமாள். அவர் வருஷம் தவறாமல், முகூர்த்தம் தவறாமல் வந்து நிற்கிறார்! நேரத்துக்கு வருகிற அண்ணனை மரியாதையாக வரவேற்றுவிட்டு, நேரத்துக்கு வராத அண்ணனைத்தான் ஊர் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டது. ஏன்? அவர் நம் வீட்டு ஆள் மாதிரி இருக்கிறார். என் சித்தப்பா ஒருவர், அக்கா கல்யாணத்துக்குப் பந்தி போடும்போது வந்து சேர்ந்தார். எனக்காகக் காத்திருக்கவில்லையே என்று சாப்பிடாமல் போய்விட்டார். வீடே பதறியது. அப்பத்தா மட்டும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "விடுங்கடா, அழகரே கோவிச்சுக்கிட்டுப் போனவருதான்" என்றாள். இந்த வாக்கியத்தை எந்த அரண்மனை எழுதிக் கொடுத்தது?

அழகர்மலையிலிருந்து மதுரை இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தூரத்துக்குள் அவர் நின்று நின்று வரும் மண்டகப்படிகள் நானூறுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் ஒரு குடும்பம், ஒரு தெரு, ஒரு சங்கம். பந்தல் அவர்கள் செலவு, மாலை அவர்கள் செலவு, பானகமும் நீர்மோரும் அவர்கள் செலவு. மூன்றுமாவடியில் ஊர் எதிரே போய் வரவேற்கும் எதிர்சேவை. தல்லாகுளத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஆண்டாள் மாலை. அப்புறம் தங்கக்குதிரை ஏறி விடியற்காலையில் ஆற்றுக்கு வந்தால், கரையெல்லாம் சர்க்கரைச் செம்பு. செம்பு நிறைய நாட்டுச்சர்க்கரை, மேலே வாழையிலை, அதன்மேல் சூடம். தோல்பையில் தண்ணீரை நிரப்பிப் பீய்ச்சி அடிக்கிறவர்களைப் பார்த்து யாராவது கோபப்பட்டதுண்டா? மற்ற நாளில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் ஒரு சொட்டுத் தெறித்தால் பஞ்சாயத்து வைக்கிற ஊர் இது.

அந்தத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் உடுப்பை எங்கே தைத்தார்கள் தெரியுமா? புதுமண்டபத்தில். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், நாயக்க மன்னர்கள் பத்துப் பேர் அங்கே தூணில் சிலையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். அவர்கள் காலடியில் எத்தனையோ வருஷம் தையல் மிஷின் ஓடியது. அந்தச் சத்தத்தை நாயக்கர் ரசித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அண்ணன் இன்னொன்றும் சொன்னார். மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம், கையில் செங்கோல், இதெல்லாம் ராஜ மரபு என்றார். மரபு ராஜ மரபுதான், யாருக்குக் கிரீடம் வைக்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? பாண்டியர் போனார்கள், சுல்தான்கள் வந்தார்கள், நாயக்கர் ஆட்சி 1736-ல் ராணி மீனாட்சியோடு முடிந்தது, பிறகு கம்பெனிக்காரன். இத்தனை பேர் வந்து போனபோதும், சித்திரையிலிருந்து ஆவணி வரைக்கும் ஆட்சி எங்கள் பெண்ணுடையது என்று ஊர் சொல்லிக்கொண்டே இருந்தது. 'உங்கள் வீட்டில் மதுரையா, சிதம்பரமா?' என்று கேட்கிறோமே, அதற்கு அர்த்தம் தெரியாத புருஷன் தமிழ்நாட்டில் உண்டா? நடுவர் சிரிக்கிறார். அவர் வீட்டில் மதுரை போல.

மன்னரை மட்டும் நம்பிய விழா என்ன ஆகும் என்று பார்க்க, விஜயநகரப் பேரரசின் தலைநகராக இருந்த ஹம்பிக்குப் போக வேண்டும். ராயர்கள் நவராத்திரி விழா நடத்திய மகாநவமி மேடை என்று ஒன்று அங்கே இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் காலத்தில் போர்த்துக்கீசியப் பயணி டொமிங்கோ பாயஸ் அந்த விழாவைப் பார்த்து மலைத்துப்போய் எழுதிவைத்தார். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்றது. அதற்குப் பிறகு அந்த மேடை வெறும் கல். அதே ஹம்பியில் விருபாட்சர் கோயில் தேரோ, ராயரும் இல்லை, ராஜ்ஜியமும் இல்லை, இன்றும் ஓடுகிறது. சுற்றுவட்டாரத்து ஜனம் வடம் பிடிக்கிறது.

மைசூர் தசரா என்று எதிரணியில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. உண்மைதான், 1610-ல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அந்த மரபைக் கையில் எடுத்தார். ஆனால் அண்ணே, மன்னர் உட்கார்ந்து வந்த அந்தத் தங்க அம்பாரியில் இன்றைக்கு யார் உட்கார்ந்து வருகிறார்? சாமுண்டேஸ்வரி. மன்னர் இறங்கிவிட்டார், ஊர்வலம் நிற்கவில்லை.

மணியை அடித்துவிட்டீர்கள். ஒரே நிமிடம். 2020-ல் ஊரடங்கு. மாசி வீதியில் காக்கையைத் தவிர யாருமில்லை. கோயிலுக்குள் நான்கைந்து பேரோடு திருக்கல்யாணம், நேரலையில் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அம்மா கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்து தாலிக்கயிறு மாற்றினாள். அழகர் அந்த வருஷம் மலையை விட்டு இறங்கவில்லை. பௌர்ணமி விடியற்காலையில் வாசலில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அப்பத்தா சர்க்கரைச் செம்போடு, அழகர்மலை இருக்கும் வடக்குத் திசையைப் பார்த்து நிற்கிறாள். "அவர்தான் வரலையே அப்பத்தா" என்றேன். "அவருக்கு வர முடியல, நமக்கென்ன கேடு?" என்று சொல்லிச் சூடத்தைப் பொருத்தினாள்.