உங்கள் கிணறு எத்தனை அடி?

(மேற்படிப்புக்காக வெளிநாடு புறப்படும் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த யாழ்ப்பாண அவையொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். பிள்ளைகளே, விசா, வங்கிக் கணக்கு, குளிருடுப்பு பற்றிச் சொல்ல இங்கே வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் போன இடத்தில் கண்டதை மட்டும் சொல்கிறேன்.

நீர் முகாமைத்துவம் படிக்க நெதர்லாந்தின் டெல்ஃப்ற் நகரத்துக்குப் போனேன். முதல் வாரம், ஒரு கட்டடத்தின் கதவில் 'கன்ரோர்' என்று எழுதியிருந்தது. அலுவலகம் என்று அர்த்தம். அப்படியே நின்றுவிட்டேன். "கந்தோருக்குப் போட்டு வாறன்" என்று சொல்லித்தான் எங்கள் அப்பா காலையில் சைக்கிளை எடுப்பார். 1658 முதல் 1795 வரை ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள் என்று சோதனைக்காகப் பாடமாக்கியிருந்தேன். அந்த ஆட்சியின் மிச்சம் அப்பாவின் வாயில் இருந்ததை அந்தக் கதவைப் பார்த்த பிறகுதான் அறிந்தேன்.

அன்றிலிருந்து எதைக் கண்டாலும் "இது ஏன் இப்படி?" என்று கேட்கப் பழகினேன். கிண்டர்டைக் என்ற இடத்தில் 19 காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மா அரைக்கக் கட்டியவை என்றே நானும் எண்ணியிருந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவரைக் கேட்டபோதுதான், அவை பள்ளக் காணிகளில் தேங்கும் தண்ணீரை இறைத்து வெளியே விடக் கட்டப்பட்டவை என்று விளங்கியது. எங்கள் துலாவைப் போல அதுவும் இறைப்புத்தான். நாங்கள் பயிருக்கு விட இறைத்தோம். அவர்கள் பயிர் அழுகாமலிருக்க இறைத்தார்கள்.

அந்த நாட்டின் நிலத்தில் காற்பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அதனால் தண்ணீருக்கென்றே தனிச் சபைகள் வைத்திருக்கிறார்கள். இப்போது 21 இருக்கின்றன. றைன்லண்ட் சபையின் வரலாறு 13ஆம் நூற்றாண்டுவரை போகிறது. அணை, வாய்க்கால், நீர்மட்டம், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இவைதான் அவற்றின் வேலை. நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதற்குத் தேர்தல் நடக்கிறது. வாய்க்கால் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கவேண்டும் என்று ஊர்ச்சனம் கூடி வாதாடுவதை நான் கேட்டிருக்கிறேன். எங்களுக்கும் அப்படி ஒரு வாதம் வேண்டும் என்று அன்று ஆசைப்பட்டேன், இன்றும் ஆசைப்படுகிறேன்.

படித்த பாடங்களைவிட என்னை மாற்றியது ஒரு வீட்டுச் சுவர். சீலண்ட் மாகாணத்தில் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் போயிருந்தோம். சுவரில், என் நெஞ்சு உயரத்தில், நீல நிறத்தில் ஒரு கோடு. 1953 பெப்ரவரி முதலாம் திகதி கடல் வந்து நின்ற மட்டம் அது. அந்த வெள்ளத்தில் அந்த நாட்டில் 1,836 பேர் இறந்தார்கள். சுவருக்கு எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடுவாராம். தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டார்: "உங்கள் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

கிணற்றிலிருந்து என்றேன். "எத்தனை அடி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பிறந்த நாள் முதல் குடித்த கிணறு. அவர் குறையாக ஒன்றும் நினைக்கவில்லை. எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்களுக்கு இல்லை. மாரியில் பெருகும் வழுக்கையாறு ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேலே நன்னீராக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உவரும் இருப்பது அதனால்தான். மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இழுத்தால் உவர் மேலே ஏறும். தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியும் அந்தக் கல்லின் வெடிப்புகளூடே கிணற்றுக்குத்தான் வருகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் தோட்டப் பகுதிக் கிணறுகள் பல அதைத் தாண்டிவிட்டன. இதையெல்லாம் டெல்ஃப்ற்றில் இருந்து படித்தேன், அம்மம்மாவின் கிணற்றடியை நினைத்துக்கொண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். விடுதியின் பொதுச் சமையலறையில் அநுராதபுரத்துச் சிங்களப் பெடியன் ஒருவன் இருந்தான். ஏ-9 வீதியில் சில மணித்தியாலத் தூரம்தான் அவன் ஊர். இங்கே இருந்தபோது ஒருவரோடொருவர் பேச எங்களுக்கு வாய்க்கவே இல்லை. அங்கே ஒரே அடுப்பில் பருப்பு வைத்தோம். மேற்குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்து, மிச்சம் அடுத்த குளத்துக்கு இறங்கும் அவர்களுடைய குளத்தொடரை, மேசையில் மாவைக் கொட்டி விரலால் கீறிக் காட்டினான். 2017இல் ஐநா உணவு விவசாய நிறுவனம் உலக விவசாய மரபுரிமை என்று ஏற்றது அந்த முறையைத்தான். நான் அதே மாவில் எங்கள் கிணற்றைக் கீறினேன். நிறைய நேரம் பேசினோம். தண்ணீரில் தொடங்கியது, போரில் அவரவர் வீட்டில் இழந்தவர்கள்வரை போனது. எங்கள் ஆட்களோடு மட்டும் சேர்ந்திருந்திருந்தால் அந்த இரவு எனக்குக் கிடைத்திராது.

பிள்ளைகளே, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். விமானம் ஏறுமுன் ஒருநாள் காலையில், மோட்டார் போடுவதற்கு முன், உங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் போங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்குங்கள். தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது, அடித்தரை எத்தனை அடியில் என்று அளந்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். முடிந்தால் உங்கள் அப்பாச்சியிடம், அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தண்ணீர் எந்தப் படியில் நின்றது என்று கேட்டு, அதையும் எழுதுங்கள். அந்தக் கொப்பியைப் பெட்டிக்குள் வையுங்கள். வீட்டில் இருக்கிறவர்களிடம் கயிற்றைக் கொடுத்து, மாரி முடிய ஒருதரம் அளந்து சொல்லச் சொல்லுங்கள்.