மால்டா: ஒரு மென்கல் எழுதிய கலை வரலாறு

[காட்சி: வலெட்டா நகரத் தெரு, மாலை வெயில்]

இந்தத் தெருவில் வீடு, தேவாலயம், கோட்டை மதில் எல்லாமே தேன் நிறத்தில் தெரிகின்றன. யாரும் பூசிய வண்ணமல்ல. கல்லின் சொந்த நிறமே இதுதான். சிசிலிக்குத் தெற்கே, மொத்தம் 316 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட மால்டாத் தீவுகளில் கட்டடத்துக்கு உதவும் பெருங்காடுகள் கிடையாது, உலோகத் தாதுக்களும் கிடையாது. காலுக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் மட்டுமே. மால்டாவின் கலையைப் புரிந்துகொள்ள மன்னர்களின் பட்டியலைவிட இந்தக் கல்லின் குணம் அதிகம் உதவும் என்பது என் எண்ணம்.

கல்லில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று, பவளப்பாறைச் சுண்ணாம்புக்கல். கடினமானது, வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்கும். மற்றொன்று குளோபிஜெரினா என்னும் நுண்ணுயிரிகளின் ஓடுகள் கடலடியில் படிந்து உருவான மென்கல். உள்ளூர் மக்கள் இதை ஃபிரங்கா என்கிறார்கள். குழியிலிருந்து வெட்டியெடுத்த புதிதில் இதைக் கைரம்பத்தால் அறுக்கலாம், சிற்றுளியால் பூவேலை செய்யலாம். காற்றுப் பட்டபின் மேற்பரப்பு இறுகி ஒரு தோல் போலாகிவிடும். அந்தத் தோல் உடைந்துவிட்டாலோ, உப்பு உள்ளே புகுந்து கல்லை மாவாக உதிர்க்கத் தொடங்கும்.

[காட்சி: கோசோ தீவு, ஜிகாந்தியா கோயில்கள்]

கி.மு. 3600 அளவில் கோசோ தீவில் ஜிகாந்தியா கோயில்களைக் கட்டியவர்கள் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிந்திருந்தார்கள். வெளிச்சுவருக்குக் கடினக் கல்லையும், உள்ளே வாசல்களுக்கும் பலிபீடங்களுக்கும் மென்கல்லையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். எகிப்தின் கீசாப் பிரமிடுகளுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முந்தைய இக்கோயில்களில், 5 மீட்டருக்கும் அதிக நீளமும் 50 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட கற்கள் உள்ளன. உலோகக் கருவி எதுவும் அறியாத மக்களின் வேலை இது. அரக்கி ஒருத்தி கட்டினாள் என்று பிற்காலத்தவர் கதை சொன்னதில் வியப்பில்லை.

மால்டாத் தீவின் தென்கரையில் உள்ள ஹஜார் இம் கோயிலோ பெரும்பாலும் மென்கல்லால் ஆனது. அதற்கான விலையை அது கொடுத்துவிட்டது. காற்றும் மழையும் அரித்த அதன் கற்களைக் காக்க 2009-இல் கோயிலுக்கு மேலே பெரும் கூடாரம் ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. தர்ஷின் கோயிலில் அதே மென்கல் சுருள் கோலங்களாகவும், வரிசையாக நடக்கும் ஆடுகளாகவும், மடிப்புப் பாவாடை அணிந்த ஒரு பேருருவாகவும் மாறியிருக்கிறது. அந்தப் பேருருவின் கீழ்ப்பாதி மட்டுமே எஞ்சியுள்ளது. அசல், வலெட்டாவின் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயிலில் நிற்பது நகல்.

[காட்சி: ஹால் சஃப்லியேனி, நிலவறையின் உட்புறம்]

என்னைக் கேட்டால், மால்டாவின் தலைசிறந்த கட்டடம் கட்டப்படவே இல்லை, குடையப்பட்டது. 1902-இல் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் தண்ணீர்த் தொட்டிக்காகப் பாறையை வெட்டியபோது, ஹால் சஃப்லியேனியின் நிலத்தடி மயானம் தற்செயலாகத் திறந்துகொண்டது. மூன்று அடுக்குகளாக, 10 மீட்டருக்கும் ஆழமாக மென்பாறைக்குள் இறங்கும் அந்த இடத்தில் சுமார் 7,000 பேர் அடக்கம் செய்யப்பட்டிருக்கலாம் என்று கணிக்கிறார்கள். வியப்பு என்னவென்றால், குடைந்தவர்கள் மேலே நிற்கும் கோயில்களின் தூண், உத்தரம், வாசல் ஆகியவற்றை அப்படியே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். எந்தப் பாரத்தையும் சுமக்கத் தேவையில்லாத இடத்தில் சுமப்பதுபோன்ற தோற்றம்! மேலேயுள்ள கோயில்களின் கூரைகள் எப்போதோ விழுந்துவிட்டன. அவை வரிசைக்கு வரிசை உள்நோக்கி நகர்ந்து மூடிய கற்களால் ஆனவையாக இருந்திருக்கலாம் என்பதற்கு இந்த நிலவறையின் விதானமே சான்றாக நிற்கிறது. மூச்சுக்காற்றின் ஈரம்கூட உள்ளேயிருக்கும் செங்காவி ஓவியங்களைக் கெடுக்கும் என்பதால், நாளொன்றுக்கு மிகச் சிலரையே உள்ளே விடுகிறார்கள்.

கி.மு. 2500 அளவில் இந்தக் கோயில் பண்பாடு மறைந்தது. பின் வந்த ஃபினீசியர், ரோமர், அரபியர், நார்மன்கள் ஆகியோரின் தடங்கள் பழைய தலைநகரான இம்தினாவிலும் மொழியிலும் உண்டு. ஆனால் கல்லில் அடுத்த பெரும் அத்தியாயத்தைத் தொடங்கியவர்கள், 1530-இல் இத்தீவுகளைப் பெற்ற புனித யோவான் வீரத்துறவியர் சபையினர்.

[காட்சி: வலெட்டாவின் பழைய நில வரைபடம்]

1565-இல் ஒட்டோமான் படையின் முற்றுகையைத் தாக்குப்பிடித்த சபைத் தலைவர் ஜான் டி லா வலெட், அடுத்த ஆண்டு மார்ச் 28 அன்று புதிய நகரத்துக்கு அடிக்கல் நாட்டினார். திருத்தந்தை அனுப்பிய இத்தாலியப் பொறியாளர் பிரான்செஸ்கோ லாப்பரெல்லி, நேர்கோட்டுத் தெருக்கள் ஒன்றையொன்று வெட்டும் அமைப்பை வரைந்தார். சில ஆண்டுகளில் அவர் புறப்பட்டுவிட, பணியைத் தொடர்ந்தவர் மால்டாக்காரரான ஜிரோலாமோ கஸ்ஸார். ஒவ்வொரு வீட்டுக்கும் மழைநீர்த் தொட்டி கட்டாயம் என்றும், தெருமுனை வீடுகளின் மூலையை அலங்கரிக்க வேண்டும் என்றும் விதி இருந்தது. தொட்டிக்காக வெட்டிய கல்லே சுவருக்கும் ஆயிற்று. மரம் அரிது என்பதால், வளைவுகளின் மேல் கற்பலகைகளைப் பரப்பிக் கூரை அமைத்தார்கள்.

[காட்சி: புனித யோவான் இணைப் பேராலயம்]

கஸ்ஸார் 1570-களில் கட்டிய பேராலயத்தை வெளியிலிருந்து பார்ப்பவர் அதைக் கோட்டை என்றே நினைப்பார். உள்ளே நுழைந்தால் கண் கூசும். 1661 முதல் 1666 வரை கலாப்ரியாவைச் சேர்ந்த மத்தியா பிரேத்தி, வளைகூரையின் கல்லின்மீதே நேரடியாக எண்ணெய் வண்ணத்தால் திருமுழுக்கு யோவானின் வாழ்க்கையை வரைந்தார். ஓரங்களில் சிலைகள் போல் நிற்கும் உருவங்கள் உண்மையில் ஓவியங்களே. நிழலை வரைந்தே அவர் நம்மை ஏமாற்றுகிறார். சுவரில் பொன்முலாம் பூசிய கொடிகளும் பூக்களும் வேறெங்கோ செய்து ஒட்டியவை அல்ல, சுவரின் கல்லையே அங்கேயே செதுக்கியவை. மென்கல் இல்லாத ஊரில் இப்படிச் செய்யத் துணிந்திருப்பார்களா என்பது ஐயமே.

பக்கத்து மண்டபத்தில் இருப்பது, 1608-இல் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ வரைந்த யோவானின் தலைவெட்டு. ஏறத்தாழ 3.6 மீட்டர் உயரமும் 5.2 மீட்டர் அகலமும் கொண்ட அந்த ஓவியத்தில், தரையில் வழியும் குருதியிலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்டதாக அறியப்படும் ஒரே படைப்பு இது. அதே ஆண்டில் சிறையிலடைக்கப்பட்டுத் தப்பியோடிய அவரை, சபையினர் இதே ஓவியத்தின் முன் கூடித்தான் சபையிலிருந்து நீக்கினார்கள்.

[காட்சி: மோஸ்தா வட்டக் கோயில், பின்னர் வலெட்டா நகர வாயில்]

மோஸ்தா ஊர் மக்கள் 1833-இல் தொடங்கிய வட்டக் கோயிலை, பழைய கோயிலை இடிக்காமல் அதைச் சுற்றியே எழுப்பினார்கள். சுமார் 37 மீட்டர் உள்விட்டம் கொண்ட அதன் குவிமாடக் கவிகைக்குச் சாரம் கட்டவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரல் 9 அன்று மக்கள் வழிபாட்டுக்காகக் கூடியிருந்தபோது அந்தக் கவிகையைத் துளைத்து விழுந்த குண்டு வெடிக்கவில்லை. அதே ஆண்டில் வலெட்டாவின் ஓபரா அரங்குக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. அதன் இடிபாட்டுக்குள் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ திறந்தவெளி அரங்கை அமைத்தார். அருகிலேயே அவர் வடிவமைத்த நாடாளுமன்றம் 2015-இல் திறக்கப்பட்டது. அதன் கற்களை, வெயிலின் திசைக்கேற்பக் குழிவுகள் அமையுமாறு கணினி இயந்திரம் செதுக்கியிருக்கிறது. சீஸ் துருவி என்று கேலி செய்தவர்களும் உண்டு. அந்தக் கற்கள் கட்டடத்தைத் தாங்கவில்லை; உள்ளேயிருக்கும் எஃகுச் சட்டம்தான் அவற்றையும் தாங்கி நிற்கிறது.