அவசரப்படாத நடுக்களம்: யாசுஹிதோ எண்டோவின் 26 பருவங்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஜப்பானியக் கால்பந்து என்றதும் நம் ரசிகர்களின் நினைவுக்கு வருகிற பெயர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய அணிகளுக்கு ஆடியவர்களுடையவை: ஹிதேதோஷி நகாதா, ஷுன்சுகே நகமுரா, கெய்சுகே ஹோண்டா. ஆனால், அந்த நாட்டின் ஆடவர் தேசிய அணிக்காக மிக அதிக ஆட்டங்கள் ஆடியவர் ஒருமுறைகூட வெளிநாட்டு அணியின் சட்டையை அணிந்ததில்லை. அவர் பெயர் யாசுஹிதோ எண்டோ. நடுக்கள வீரர். தேசிய அணிக்காக 152 ஆட்டங்கள், ஜப்பானின் முதல் நிலை லீக்கான ஜே1-இல் 672 ஆட்டங்கள், 1998 முதல் 2023 வரை இடைவெளியின்றி 26 பருவங்கள். இத்தனை நீண்ட ஆட்டவாழ்வு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

எண்டோ ஒருபோதும் வேகமான வீரராக இருந்ததில்லை. ஓட்டத்தில் எதிராளியைப் பின்னுக்குத் தள்ளுவதோ, தோளால் மோதிப் பந்தைப் பறிப்பதோ அவருடைய வழியல்ல. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே கழுத்தைத் திருப்பி இருபுறமும் பார்த்துவிடுவார். யார் எங்கே நிற்கிறார், எந்த இடம் இன்னும் இரண்டு விநாடியில் காலியாகப் போகிறது என்பதைக் கணித்துவிடுவார். பந்து காலைத் தொட்டதும் ஒன்றிரண்டு தொடுதல்களில் அதை அனுப்பிவிட்டு, அடுத்ததாகப் பந்தை வாங்குவதற்கு ஏற்ற இடத்துக்கு மெல்ல நகர்ந்திருப்பார். அணி பதறும்போது பந்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தணிப்பார். எதிரணி சற்றே கண்ணயர்ந்தால் ஒரே கடத்தலில் வேகத்தைக் கூட்டுவார். வேகத்தை நம்பி ஆடுகிற வீரருக்கு முப்பது வயதைத் தாண்டியதும் கணக்கு மாறிவிடுகிறது. எண்டோவிடமோ, வயது பறித்துக்கொண்டு போவதற்கு வேகம் என்று பெரிதாக எதுவும் இருக்கவில்லை. அவருடைய முதலீடு முழுவதும் கண்ணிலும் கணிப்பிலும் இருந்தது. அது ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனது.

அவர் பிறந்தது 1980 ஜனவரி 28 அன்று, ஜப்பானின் தெற்கே ககோஷிமா மாநிலத்தில், இன்றும் சாம்பலைக் கக்கிக்கொண்டிருக்கிற சகுராஜிமா எரிமலையின் அடிவாரத்தில். அண்ணன்மார் இருவரும் கால்பந்து ஆடியவர்கள். அவர்களில் அகிஹிரோ, 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பிரேசிலை வீழ்த்திய ஜப்பானிய அணியில் இடம்பெற்றவர். உயர்நிலைப் பள்ளி முடிந்த கையோடு யோகோஹாமா ஃபிளூகெல்ஸ் அணியில் சேர்ந்த இளைய எண்டோவை, பார்சிலோனாவிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் கார்லெஸ் ரெக்சாச் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே களமிறக்கினார். அதே ஊரைச் சேர்ந்த மரினோஸ் அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் எண்டோவுக்கு வயது பதினெட்டு.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஆதரவளித்து வந்த இரு நிறுவனங்களில் ஒன்று விலகிக்கொள்ள, அந்த ஆண்டு அக்டோபர் இறுதியில், ஃபிளூகெல்ஸை மரினோஸுடன் இணைக்கப் போவதாக அறிவிப்பு வெளியானது. தங்கள் அணி சாகப் போகிறது என்று தெரிந்தும் அந்த வீரர்கள் பேரரசர் கோப்பைப் போட்டியில் ஒவ்வோர் ஆட்டமாக வென்று, 1999 ஜனவரி முதல் நாள் இறுதியாட்டத்தில் ஷிமிசு எஸ்-பல்ஸ் அணியை 2-1 என்று தோற்கடித்துக் கோப்பையை வென்றார்கள். அத்தோடு அணி கலைந்தது. தொழில்முறை வாழ்வின் முதல் ஆண்டிலேயே ஓர் இளைஞன் இதைக் கண்டான் என்பதை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. பின்பு இரண்டு பருவங்கள் கியோட்டோவில். அங்கே கசுயோஷி மியுரா, தென்கொரியாவிலிருந்து வந்த இளம் பார்க் ஜி-சுங் ஆகியோர் இருந்தும், 2000-இல் அணி இரண்டாம் நிலை லீக்குக்கு இறங்கியது. 2001-இல் எண்டோ காம்பா ஒசாகாவுக்குப் போனார். அடுத்த இருபது ஆண்டுகள் அதுவே அவருடைய வீடு.

தேசிய அணியில் அவருக்கு வாய்த்த தொடக்கத்தைக் காத்திருப்பு என்றுதான் சொல்ல வேண்டும். 1999-இல் நைஜீரியாவில் நடந்த உலக இளையோர் போட்டியில் ஜப்பான் இறுதிவரை சென்று, ஷாவி ஆடிய ஸ்பெயினிடம் தோற்றது. ஷின்ஜி ஓனோ, ஜுனிச்சி இனமோதோ, மிட்சுவோ ஒகசவாரா என்று அந்த அணியில் இருந்தவர்களை ஜப்பானியர்கள் பொற்தலைமுறை என்று கொண்டாடினார்கள். எண்டோவும் அந்த அணியின் நடுக்களத்தில் ஆடியவரே. எனினும், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் அவர் அணியோடு பயணித்தும் பட்டியலுக்கு வெளியே உதிரி வீரராகப் பார்வையாளர் பகுதியில் அமர்ந்திருந்தார். 2002-இல் உலகக் கோப்பை சொந்த நாட்டில் நடந்தபோது மேற்சொன்ன மூவரும் அணியில் இருக்க, இவருக்கு இடமில்லை. 2006 உலகக் கோப்பைக்காக ஜெர்மனிக்குப் பயிற்சியாளர் ஜீக்கோ அழைத்துச் சென்ற அணியில் இடம் கிடைத்தது. ஆனால் ஜப்பான் ஆடிய மூன்று ஆட்டங்களில் ஒரு நிமிடம்கூட ஆடாதவர், கோல் காப்பாளர்களை விட்டுப் பார்த்தால், எண்டோ ஒருவரே.

அதன்பின் பயிற்சியாளராக வந்த இவிகா ஒசிம், யோசித்துக்கொண்டே ஓடவேண்டும் என்று வீரர்களிடம் வலியுறுத்தியவர். யோசிப்பதைப் பொறுத்தவரை எண்டோவுக்குப் புதிதாகக் கற்க எதுவும் இருக்கவில்லை. ஓடுவதை அவர் கற்றுக்கொண்டார். 2006-இன் பிற்பகுதியில் வைரஸ் கல்லீரல் அழற்சி அவரைச் சில வாரங்கள் படுக்கையில் தள்ளியது. மீண்டு வந்தவர் தேசிய அணியின் நடுக்களத்தில் நிலைத்துவிட்டார். 26 வயதுக்குப் பிறகு தேசிய அணியில் வேரூன்றிய ஒருவர் தம் நாட்டின் சாதனையாளராக முடிந்திருக்கிறார் என்பது, பதினேழு வயதுச் சிறுவர்களின் எதிர்காலத்தை இன்றே எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்கிற நம் காலத்தில் கவனிக்கத்தக்கது.

அவருடைய ஆட்டத்தை ஒரே காட்சியில் காட்டச் சொன்னால் நான் அவர் பெனால்டி அடிக்கும் விதத்தைக் காட்டுவேன். பந்தை வைத்துவிட்டுச் சில அடிகள் மெதுவாக நடந்து வருவார். பார்வை பந்தின்மேல் இருக்காது, கோல் காப்பாளர் மேல் இருக்கும். காப்பாளர் ஏதேனும் ஒரு பக்கம் உடல் எடையைச் சாய்க்கிற அந்தக் கணத்தில், காலின் உட்புறத்தால் பந்தை மறுபக்கம் மெல்ல உருட்டிவிடுவார். பந்து உருண்டு உருண்டு கோட்டைத் தாண்டும். காப்பாளர் தரையில் கிடந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பந்து உருளுவதைக் குறிக்கும் சொல்லால் ஜப்பானியர்கள் இதற்குக் கொரோகொரோ பெனால்டி என்றே பெயரிட்டுவிட்டார்கள். 2008 டிசம்பரில் யோகோஹாமாவில் நடந்த கிளப் உலகக் கோப்பை அரையிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராகக் காம்பாவுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. எதிரே நின்றவர் எட்வின் வான் டெர் சார். அதே ஆண்டு மே மாதம் மாஸ்கோவில் பெனால்டியைத் தடுத்துத் தம் அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தவர். எண்டோ அவரையும் அதே நிதானத்துடன் ஏமாற்றினார். காம்பா 3-5 என்று தோற்றாலும், அதற்கு முந்தைய மாதம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் யுனைடெட்டை இரு ஆட்டங்களிலும் சேர்த்து 5-0 என்று வென்று ஆசியச் சாம்பியன் ஆகியிருந்தது. மறு ஆண்டு ஆசியாவின் சிறந்த வீரர் விருது எண்டோவுக்குக் கிடைத்தது.

2010 ஜூன் 24, உலகக் கோப்பை, தென்னாப்பிரிக்காவின் ருஸ்டன்பர்க். டென்மார்க்குடன் சமன் செய்தாலே ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போய்விடும் என்ற நிலை. 17-ஆம் நிமிடத்தில் ஹோண்டா வெகு தொலைவிலிருந்து அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் போயிற்று. 30-ஆம் நிமிடத்தில் இன்னொரு ஃப்ரீ கிக். ஹோண்டாவும் எண்டோவும் பந்தருகே நிற்கிறார்கள். சற்றுமுன் நடந்ததைப் பார்த்த எவரும் மீண்டும் ஹோண்டாதான் அடிப்பார் என்று நினைப்பார்கள். அடித்தவர் எண்டோ. வலுவைக் காட்டாமல் வலக்காலால் அவர் வளைத்துவிட்ட பந்து, டென்மார்க் வீரர்கள் எழுப்பிய சுவரைச் சுற்றிச் சென்று வலையின் ஓரத்தில் இறங்கியது. கோல் காப்பாளர் சோரன்சென் பாய்ந்தும் எட்டவில்லை. ஜப்பான் 3-1 என்று வென்றது. பராகுவேயுடன் அடுத்த ஆட்டம் பெனால்டி உதைகளுக்குச் சென்றபோது ஜப்பானின் முதல் உதையை ஏற்று அடித்தவரும் அவரே. எனினும் ஜப்பான் அங்கே வெளியேறியது. மறு ஆண்டு கத்தாரில் ஆசியக் கோப்பையை வென்ற அணியின் நடுக்களத்தில் அவரும் மகோதோ ஹசேபேயும் இணைந்து ஆடினார்கள்.

காம்பா ஒசாகாவுக்கு வருகிறேன். பயிற்சியாளர் அகிரா நிஷினோவின் கீழ், ஒரு கோல் வாங்கினால் இரண்டு அடிப்போம் என்ற துணிவோடு ஆடிய அணி அது. 2005-இல் முதல் லீக் பட்டத்தை வென்றது. அந்தத் துணிவே 2012-இல் வினோதமான வீழ்ச்சிக்கும் காரணமாயிற்று. லீக்கிலேயே அதிக கோல் அடித்த அணி, 67 கோல்கள் அடித்து 65 கோல்களை வாங்கி, இரண்டாம் நிலைக்குத் தள்ளப்பட்டது. கடைசி நாளில் அதை வீழ்த்திய அணி ஜூபிலோ இவாதா. எண்டோ அந்த ஆண்டும் லீக்கின் சிறந்த பதினொருவரில் ஒருவராகத் தேர்வாகியிருந்தார். 2003 முதல் தொடர்ந்து பத்தாவது ஆண்டாக. தேசிய அணியின் தூண் ஒருவர் இரண்டாம் நிலை லீக்கில் ஆடுவதா என்று பலரும் கேட்டபோது, அவர் அணியை விட்டு விலகவில்லை. 2013-இல் காம்பா இரண்டாம் நிலைப் பட்டத்தை வென்று திரும்பியது. 2014 உலகக் கோப்பைக்காக லீக் நிறுத்தப்பட்டபோது மீண்டும் இறங்கும் இடமான 16-ஆவது இடத்தில் இருந்த அதே அணி, ஆண்டு முடிவதற்குள் லீக், லீக் கோப்பை, பேரரசர் கோப்பை ஆகிய மூன்றையும் வென்றது. அவ்வாண்டின் லீக்கில் மிகச் சிறந்த வீரர் விருது 34 வயது எண்டோவுக்கு வழங்கப்பட்டது. அவருடைய வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த ஆண்டு அதுதான்.

2015 ஜனவரியில் ஆசியக் கோப்பைக் காலிறுதியில் ஐக்கிய அரபு அமீரகத்திடம் பெனால்டியில் தோற்ற ஆட்டமே தேசிய அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டமாக அமைந்தது. கிளப் ஆட்டமோ தொடர்ந்தது. 2019-இல் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து ஆயிரமாவது ஆட்டத்தைத் தொட்டார். 2020-இல், அதுவரை கோல் காப்பாளர் செய்கோ நரசாகியிடம் இருந்த 631 ஜே1 ஆட்டங்கள் என்ற சாதனையைக் கடந்தார். அந்த ஆண்டு அக்டோபரில், காம்பாவில் வாய்ப்பு குறைந்துவிட்ட நிலையில், ஓய்வு பெறாமல் இரண்டாம் நிலையில் இருந்த ஜூபிலோ இவாதாவுக்குச் சென்றார். ஆம், எட்டு ஆண்டுகளுக்கு முன் காம்பாவைக் கீழே தள்ளிய அதே அணிக்கு. நாற்பது வயதில் அங்கே போய், மறு ஆண்டே அந்த அணி இரண்டாம் நிலைப் பட்டம் வென்று மேலேற உதவினார். 2022-இல் இவாதா இறங்கியது. 2023-இல் மீண்டும் ஏறியது. மூன்று முழுப் பருவங்களில் ஏற்றம், இறக்கம், ஏற்றம் என்று எல்லாவற்றையும் 43 வயதுவரை களத்திலிருந்தே கண்டார்.

2024 ஜனவரியில் ஓய்வை அறிவித்த அவர், உடனடியாகக் காம்பா ஒசாகாவின் பயிற்சியாளர் குழுவில் சேர்ந்தார். பந்து வருவதற்கு முன் எங்கே பார்க்க வேண்டும் என்பதை இளம் நடுக்கள வீரர்களுக்குச் சொல்லித்தர அவரைவிடத் தகுதியானவர் ஜப்பானில் அதிகம் பேர் இருக்க முடியாது என்பது என் எண்ணம். வாய்ப்புக் கிடைத்தால், நேயர்கள் அவர் ஆடிய முழு ஆட்டம் ஒன்றைத் தேடிப் பாருங்கள்; கோல் தொகுப்புகளில் அவர் அதிகம் தென்படமாட்டார். பந்து மற்றவர்களிடம் இருக்கும் நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் தொடர்ந்து கவனியுங்கள்.

இவ்வாய்ப்பை அளித்த வானொலி நிலையத்தாருக்கு என் நன்றி. வணக்கம்.