வாகன் ஆருக்கு 16 அங்குல றிம் போடலாமா?

வணக்கம் உறவுகளே. மாங்குளம் சந்திக்குக் கிட்ட நிற்கிறேன். "அண்ணா, வாகன் ஆருக்கு 16 அங்குல அலோய் றிம் போடலாமா?" என்று கேட்கிற தம்பிமாருக்குத்தான் இந்த வீடியோ.

முதலில் குனிந்து இந்த சுசுகி வாகன் ஆரின் ரயர்ப் பக்கத்தைப் பாருங்கள். கேமராவைக் கிட்டக் கொண்டு போகிறேன். செம்மண்ணைத் துடைத்தால் தெரியும்: 155/65 ஆர் 14, 75 எஸ். 155 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது மில்லிமீற்றர் இல்லை. பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ஏறத்தாழ 101 மில்லிமீற்றர் வரும். ஆர் என்றால் ரேடியல், 14 றிம்மின் அங்குலம். 75 என்றால் ஒரு ரயர் 387 கிலோ தாங்கும். எஸ், மணிக்கு 180 கிலோமீற்றர் வரை. அந்த வேகத்தில் எங்கே ஓடப்போகிறோம், விடுங்கள்.

16 அங்குல றிம்முக்கு 165/50 ரயர் போட்டால் சுவர் 82 மில்லிமீற்றர் சொச்சம்தான். ஏ9இல் சிக்கலில்லை. ஒட்டுசுட்டான் பக்கம் கிரவல் வீதிக்குள் இறங்கி ஒரு கிடங்கில் விழுந்தால் அடி நேரே றிம்முக்குத்தான். மொத்த உயரமும் 14 மில்லிமீற்றர் கூடுகிறது. மீற்றர் காட்டுவதைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் ஓடுவீர்கள். ஆசைக்கு 15 அங்குலம், 165/55 போதும். சுவர் 91 கிடைக்கும், மொத்த உயரம் 5 மில்லிமீற்றர்தான் மாறும்.

சரி, பாவித்த அலோய் வாங்குகிற ஆட்கள் கவனியுங்கள். "ஹொண்டா ஃபிட் காரில் கழற்றினது, நாலு ஓட்டை, 100 பிசிடி, அப்படியே பிடிக்கும்" என்பார்கள். பிசிடி, அதாவது நட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், இரண்டு காருக்கும் உண்மையிலேயே ஒன்றுதான். ஆனால் ஹொண்டா றிம்மின் நடு ஓட்டை 56.1 மில்லிமீற்றர், சுசுகியில் அதற்குள் நுழைகிற ஹப் கிட்டத்தட்ட 54. இடைவெளிக்கு வளையம் போடாவிட்டால் றிம் நடுவில் உட்காராமல் ஸ்டியரிங் உதறலாம்.

அதைவிட மோசம் நட். ஹொண்டாவின் ஒரிஜினல் றிம்மில் நட் உட்காருகிற இடம் உருண்டை, சுசுகி நட்டோ கூம்பு. இறுக்கினாலும் முழுதாக உட்காராது, ஓட ஓடத் தளரும். ஹொண்டா நட்டையே வாங்கிப் போடலாம் என்றால் அதன் புரி இடைவெளி 1.5 மில்லிமீற்றர், சுசுகியில் 1.25. உட்காருகிற பக்கம் உருண்டையாகவும் புரி 1.25ஆகவும் உள்ள நட் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள்.

கடையில் நட் இறுக்குகிற இம்பக்ட் கன்னை எடுக்குமுன் ஒவ்வொரு நட்டையும் கையால் திருகச் சொல்லுங்கள். இரண்டு சுற்றிலேயே இறுகினால் புரி மாறி. அப்படியே கழற்றச் சொல்லுங்கள்.