கலுங்கின் உயரம்

ஆச்சிமார்களே, பெரியவர்களே, தம்பிமார்களே!

நம் செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வானம் கொடுத்ததைக் கண்மாயிலும் ஊருணியிலும் சேர்த்து வைத்துப் பிழைத்தவர்கள் நாம். எங்கள் அப்பத்தா, ஓடு கழுவிப் போகட்டும் என்று முதல் மழையை விட்டுவிடுவார். அப்புறம்தான் வளவு வாசலில் அண்டாவை வைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டித் தண்ணீர் பிடிப்பார்.

கண்மாய்க்குக் கலுங்கு உண்டு; நிறைந்த தண்ணீர் வழிந்து கீழே போகிற கல்கட்டு அது. மேல் கண்மாய் எவ்வளவு தேக்கலாம் என்று அந்தக் கல்லின் உயரம்தான் சொல்லும். ஒரு முழம் ஏற்றிக் கட்டினால் கீழ்க் கண்மாய்க்காரர் வயல் காய்ந்துவிடும். அதனால்தான் கலுங்கில் கை வைத்தால் ஊரே திரண்டு வந்தது. தண்ணீர் குறைந்த வருஷம் மடையில் முறை வைப்பார்கள். நடவுப் பரப்பையும் சுருக்கிக்கொள்வார்கள். குறைவையும் பங்கு போடத் தெரிந்திருந்தது நமக்கு!

இப்போது மழையின் குணம் மாறிவிட்டது. காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, இல்லையென்றால் காய்கிறது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. அடுத்த வருஷமே தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது.

ஆற்றுத் தண்ணீர்ப் பங்கீடோ சராசரி வருஷத்தை நம்பி நிற்கிறது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் காவிரியில் தமிழகத்துக்கு 404.25 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. ஆற்றில் 740 டி.எம்.சி. வருகிற வருஷத்துக்கான கணக்கு அது. குறைகிற வருஷம் விகிதப்படி குறையும் என்கிறார்கள். அப்படிக் குறைகிற வருஷம் எந்த மாதம் எவ்வளவு என்பதற்குத் தமிழகமும் கர்நாடகமும் ஏற்ற கணக்கு இல்லை. 2012, 2016, 2023 என்று நீதிமன்றப் படி ஏறிக்கொண்டே இருக்கிறோம். நம் மடையில் இருந்த முறை அவ்வளவு பெரிய ஆற்றுக்கு இல்லாமல் போனது எனக்குத் தாங்கவில்லை.

காவிரி–வைகை–குண்டாறு கால்வாய் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கரூர்ப் பக்கத்து மாயனூரிலிருந்து வரப்போவது வெள்ள உபரி. காவிரி பெருகினால்தான் வரும். வருகிற அன்றைக்கு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவருகிற நம் வரத்துக்கால் தூர்ந்து, அதன்மேல் பிளாட் கல் நட்டிருந்தால் தண்ணீர் எந்த வழியாகக் கண்மாய்க்குள் இறங்கும்?

கண்மாய்த் தண்ணீரில் பாசனம் செய்கிற ஆயக்கட்டுக்காரர்கள் உட்கார்ந்து எழுதுங்கள்: கண்மாய் அரைவாசி நிறைந்தால் குடிக்க எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, கால்வாசி என்றால் எவ்வளவு. ஐப்பசிக்கு முன் வரத்துக்காலைத் தலைமாட்டிலிருந்து நடந்து பாருங்கள். அடைபட்ட இடங்களைச் சர்வே எண்ணோடு குறித்து வாருங்கள். கிராம சபையில் உங்கள் பக்கத்தில் நானும் உட்காருகிறேன்.